மல்லாந்து கிடந்த பதினேழு காசுகள்

அத்தியாயம் 4

24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு. நேற்று ஒரு தவறு செய்தேன். கண்மணி அக்கா வீட்டில் காசுகளைப் பார்த்தபோது ஒன்றில் ஆண்டு தெரியவில்லை. ஈரத்தாளால் துடைத்துவிட்டேன். துடைப்பதற்கு முன் படம் எடுக்கவில்லை. வகுப்பில் முதல் வாரமே சொல்லித் தந்த பாடம். தாளில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மண்தான் என்று நினைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். குப்பையில் போடாதது ஒன்றுதான் உருப்படியான காரியம்.

எழுதியதை அமலா ஒருமுறை படித்துப் பார்த்தாள். ‘மண்தான்’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டாள். பிறகு அந்தக் கோடு தேவைதானா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“டைரி எழுதி முடிச்சாச்சுன்னா வண்டிய எடுக்கலாமா மேடம்? பார்க்கிங் காசு ஓடிக்கிட்டே இருக்கு,” என்றார் ஓட்டுநர் இருக்கையிலிருந்த ஒலி முகம்மது.

அமலாவுக்கு வயது இருபத்தாறு. வார நாட்களில் சிங்கப்பூரின் கிளமெண்டியில் ஒரு மருந்தகத்தில் பதிவு மேசை. செவ்வாயும் வியாழனும் மாலையில் துப்பறியும் வகுப்பு. சனி, ஞாயிறுகளில் தேக்காவில் ஒரு சின்னத் துப்பறியும் அலுவலகத்துக்காக, மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய வழக்குகள். ஒலி முகம்மதுவுக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர். இப்போது அவளுக்கு உதவியாளர். சம்பளம் குறைவு, வாய் அதிகம். அவள் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளை மேடம் என்பார். அது மரியாதையா கிண்டலா என்பதை இன்றுவரை அவளால் துப்பறிய முடியவில்லை.

வழக்கு இதுதான். ஈசூனில் கண்மணியின் மகள் இனியா, வயது ஒன்பது, போன செவ்வாய்க்கிழமை தங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் மரத்தடியில் மண்ணைத் தோண்டி, பதினேழு பழைய காசுகளை எடுத்தாள். வெள்ளிக்கிழமை அவற்றை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, அப்பா மருதப்பன் வேலை செய்யும் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினாள். அது பழைய தபால்தலையும் காசும் விற்கிற கடை. கடைக்காரர் அப்துல் கஃபார். அதற்கு முந்தின வாரம்தான் அவர் கடையின் பின்னறையிலிருந்து பழங்காசு நிறைந்த பிஸ்கட் டப்பா ஒன்று காணாமல் போயிருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவில் காசைத் தூரத்திலிருந்தே பார்த்த கஃபார், இது ஏது என்று மருதப்பனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மருதப்பனுக்கு முகம் வெளுத்தது. பதில் வரவில்லை. வீட்டிலும் அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

திங்கள் நண்பகல்வரை பார்ப்பேன், அப்புறம் போலீஸ் என்று கஃபார் சொல்லிவிட்டார். நேற்றுக் கண்மணி அமலாவின் அலுவலகத்தை நாடினாள். மிச்சம் இன்று ஒரு நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கால் வைக்க இடமில்லை. அங்கே கஃபாரின் கடைக்குள் மட்டும் அமைதி. கஃபார் எழுபதை நெருங்குகிறவர். கோபம் தணிந்து வருத்தம் மட்டும் மிஞ்சிய முகம். பத்து வருடமாகக் கல்லாச் சாவியை மருதப்பனிடம்தான் கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போவதாகச் சொன்னார்.

“‘இல்ல பாய், நான் எடுக்கல’ன்னு அவன ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா. டப்பாவையே மறந்துடறேன். அந்த ஒரு வார்த்தைய ஏன் சொல்ல மாட்டேங்கிறான்?”

காணாமல் போன டப்பாவைப் போல இன்னொன்று இருக்கிறதா என்று அமலா கேட்டாள். அவர் ஒன்றை எடுத்து வைத்தார். சுற்றுப்பயணிகள் கைப்பிடியாக அள்ளி வாங்கிப்போகிற சில்லறைக் காசுகள். பொன்னைப் போல மின்னின. மூட்டையாக வாங்கி, புதன்கிழமைதோறும் மருதப்பன் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்து எடுத்த பிறகுதான் டப்பாவுக்குள் போகுமாம். தேய்க்காமல் ஒன்றுகூடப் போகாது. ஒரே மாதிரிக் காசு முப்பது, நாற்பது இருந்தன.

அமலா தன் கைபேசியில் இனியாவின் காசுகளைக் காட்டினாள். மங்கிப்போன இந்திய ரூபாய்கள். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட மலாயாச் சதுரக் காசு. கடற்குதிரை போட்ட பழைய சிங்கப்பூர்ப் பத்துக் காசு. புளியைக் கண்டதே இல்லை. பதினேழில் ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது.

“இது உங்க டப்பாக் காசு இல்ல பாய்,” என்றாள். சொன்ன மறுகணமே, சரியாகத்தான் சொன்னோமா என்று ஒருமுறை மனத்துக்குள் சரிபார்த்தாள்.

கஃபார் படத்தை நெடுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஆமாம் என்றார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. திருடாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று கேட்டார். படத்தைப் போலீசில் காட்டினால் அவர்களுக்குப் புளி வித்தியாசம் புரியுமா? பேசாத மனிதர்தான் கண்ணில் படுவார். மருதப்பனை இப்போதே கூப்பிடலாமா என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வேலை கிடையாதே என்றார் கஃபார்.

வெளியே வந்ததும் ஒலி முகம்மது சொன்னார். “வேலை இல்லியாம். ஆனா அவர் வீட்டம்மா நேத்து என்ன சொன்னாங்க? ஞாயித்துக்கிழமை ஓவர்டைம்னுல்ல? ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய். எனக்குத் தெரிஞ்சு பொய் சொல்றவங்க யாரும் பாய் மாதிரி இவ்வளவு சோகமா டீ குடுக்க மாட்டாங்க.”

ஈசூனை அடைந்தபோது மணி ஒன்று. ஆவிகள் உலாவுவதாகச் சொல்லும் சீனர்களின் ஏழாம் மாதம் தொடங்கி இரண்டாவது நாள். புல்வெளி ஓரங்களில் ஊதுவத்திகள் குத்தியிருந்தன. எரித்த காகிதங்களின் சாம்பல் காற்றில் எழும்பி மரத்தடிவரை வந்து படிந்திருந்தது. கீழே கிடக்கிற எதையும் இந்த மாதம் எடுக்கக்கூடாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். இனியா எடுத்தது மாதம் பிறப்பதற்கு நாலு நாள் முன்னால். அந்த நாலு நாளைச் சொல்லித்தான் கண்மணி தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மரம் பெரிய தூங்குமூஞ்சி மரம். நடுப்பகலிலும் அடியில் இருட்டு. இனியா முன்னால் நடந்து இடத்தைக் காட்டினாள். குச்சிக் கால், முழங்காலில் பிளாஸ்டர். பயந்த பிள்ளையாகத் தெரியவில்லை.

ஒரு குழி இல்லை. பதினேழு சிறு குழிகள். வேரோரமாக வரிசையாக, ஒவ்வொன்றும் மூன்று விரல் ஆழம்.

“நட்டு வச்சிருக்காங்க,” என்றார் ஒலி முகம்மது. “மேடம், திருடன் மொத்தமாப் பொதைச்சு மொத்தமா எடுத்துக்கிட்டு ஓடுவான். இப்படி வரிசை போட்டு நட மாட்டான். டவுன் கவுன்சில்காரன் பார்த்தா இதுக்குன்னே புதுசா ஒரு ஃபைன் கண்டுபிடிப்பான்லா.”

காசுகள் எப்படி இருந்தன என்று அமலா குனிந்து கேட்டாள். நின்றுகொண்டா, சாய்ந்தா?

“படுத்திருந்துச்சு,” என்றாள் இனியா. “எல்லாம் மல்லாந்து. தலை மேல.”

“இங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

இனியா மரத்தைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்டரின் ஓரத்தைப் பிய்க்கத் தொடங்கினாள். அவ்வளவுதான். அப்பாவைப் போலவே அவளும் வாயை மூடிக்கொண்டாள். அமலா குறிப்பேட்டில் ‘தெரியும், சொல்லவில்லை’ என்று எழுதிக்கொண்டாள்.

மாடியில், பிள்ளையை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, கண்மணி கைபேசியை நீட்டினாள். நேற்றே காட்டியிருக்க வேண்டும், சொல்ல வாய் வரவில்லை, காட்டக் கை வரவில்லை என்றாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் இது நடக்கிறதாம்.

படத்தில் இனியா கட்டிலில் நேராகப் படுத்திருந்தாள். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி நீட்டியிருந்தன. கால் பெருவிரல்கள் சேர்ந்திருந்தன. கண் மூடியிருந்தது. நெற்றி நடுவில் ஒரு காசு.



“எழுந்திரிடின்னு உலுக்கினேன். அசைய மாட்டேங்கிறா. எடுக்கிறவங்க வரணும்மா, அதுவரைக்கும் அசையக் கூடாதுங்கிறா. எடுக்கிறவங்க மெதுவாத்தான் எடுப்பாங்களாம், வலிக்காதாம்.” கண்மணி அறைக் கதவைப் பார்த்தாள். “யாரும்மா வரணும்? என் பிள்ளைய எடுக்க யாரு வரணும்?”

அமலா கைப்பையைத் திறந்து நேற்றைய ஈரத்தாளை எடுத்தாள். காய்ந்து சுருண்டிருந்தது. முகர்ந்தாள். மண் வாசனைக்கு அடியில், மிக லேசாக, சந்தனம்.

அவள் சட்டென்று தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள். ஒலி முகம்மது பின்னாலேயே வந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, நெற்றியில் காசு வைத்தால் என்ன, நான் சின்ன வயதில் மூக்கிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன் என்றார். அமலா சிரிக்கவில்லை. அவருக்குச் சொன்னாள். தமிழ் இந்துக்கள் வீட்டில் ஒருவர் இறந்தால், குளிப்பாட்டிக் கிடத்தி, நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து ஒரு காசை ஒட்டுவார்கள். வீட்டிலிருக்கிற பழைய காசாகத் தேடி எடுப்பார்கள். கடைசியில் பெட்டியை மூடுவதற்கு முன் நகைகளோடு அதையும் எடுத்துவிடுவார்கள்.

“எடுத்து?”

“வீட்டுக்காரங்ககிட்ட குடுப்பாங்க. சில பேர் பத்திரமா வச்சுக்குவாங்க. சில பேர்…” அவள் நிறுத்தினாள்.

ஏழு வருடத்துக்கு முன், கிளமெண்டியில் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், அவளுடைய அப்பாவின் பெட்டி. ஈமச்சடங்கு வேலைக்கு வந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, யார் வாங்கிக்கிறீங்க என்று கேட்டார். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். சித்தப்பா கைபேசியைப் பார்த்தார். அமலாவும் கையை நீட்டவில்லை. அந்த உள்ளங்கை சிறிது நேரம் அப்படியே நீண்டிருந்துவிட்டு மூடிக்கொண்டது. அவர் முகம் அவளுக்கு நினைவில்லை.

“பதினேழு காசுன்னா பதினேழு வீடு நானா. யாருமே கை நீட்டாத பதினேழு வீடு.”



காலணி அலமாரியின் மேல் செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பக்கம் மேலாக மடித்திருந்தது: மரண அறிவிப்புகள். யார் படிப்பது என்று கேட்டதற்கு, அவர்தான் காலையில் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார், வயசாகுதில்ல என்றாள் கதவருகே வந்த கண்மணி. இன்றைய தாளில் ஓர் அறிவிப்பின் ஓரம் நகத்தால் கீறியிருந்தது. செம்பவாங்கில் ஒரு புளோக். மாலை நாலு மணிக்கு நல்லுடல் மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேமுக்கால். கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அழுகை ஓய்ந்து, எல்லாரும் எழுந்து நிற்கிற நேரம். பெட்டியருகே வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர். அவர்களில் மூத்தவர் குனிந்தார். கிடந்த மூதாட்டியின் தலையை இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலால் நெற்றிக் காசை எடுத்தார். பிய்க்கவில்லை. தூங்குகிற குழந்தையின் முகத்திலிருந்து முடியை ஒதுக்குவதுபோல மெதுவாக எடுத்தார்.

“இத யார் வாங்கிக்கிறீங்க?”

ஒருவரும் கை நீட்டவில்லை. அந்த மூத்தவர்தான் மருதப்பன். சிறிது காத்திருந்துவிட்டு, காசைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஊர்தி புறப்பட்ட பிறகு, வண்டி நிறுத்தத்தில் அவரைப் பிடித்தார்கள். ஓடவில்லை, மறுக்கவில்லை. ஒன்பது வருடம் என்றார். ஞாயிறும், கூப்பிட்டால் லீவு நாட்களிலும். வேலை முடிந்தால் பொது நீச்சல் குளத்துக் குளியலறையில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். யாரும் வாங்காத காசைச் செலவழிக்க முடியவில்லை. வழியில் வீச மனம் வரவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அதனால் மரத்தடி. படுத்திருந்தவர்களின் காசு, அதனால் படுக்கவைத்தார்.

இதைக் கஃபாரிடம் சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமையே முடிந்திருக்குமே என்றாள் அமலா.

“பாய் கடையில காசு பூரா நான் தேய்ச்சுக் குடுக்கிறதும்மா. இந்தக் கை எங்க போய்ட்டு வருதுன்னு தெரிஞ்சா தொட விடுவாரா? அதவிட பாப்பா. அப்பா திருடன்னா கொஞ்ச நாள் அழுவா, மறந்துடுவா. அந்தக் காசு இன்னதுன்னு தெரிஞ்சா, வாழ்நாள் பூரா ராத்திரியில நெத்தியத் தொட்டுப் பார்த்துக்கிட்டுக் கெடப்பா.”

அமலா, கண்மணி அனுப்பியிருந்த இனியாவின் படத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். காட்டலாமா கூடாதா? காட்டுவது தவறென்றால் துடைத்த காசைப் போல இதையும் திருப்ப முடியாது. ஒலி முகம்மது அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் காட்டினாள்.

மருதப்பன் படத்தைப் பார்த்தார். வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“உங்க புளோக்குலயே ஏதாவது சாவுக்கு நீங்க…”

“ஜூன் மாசம். பத்தாவது மாடிப் பெரியவரு. கண்மணி வேலைக்குப் போயிருந்தா. பாப்பா ஸ்கூல்ல இருக்கும்னு…” அவர் நிறுத்தினார். “ஸ்கூல் லீவு. மறந்துட்டேன்.”

அப்போதுதான் அமலாவுக்கு முழுவதும் விளங்கியது. இனியா கீழே நடந்ததைப் பார்த்திருக்கிறாள். அப்பா காசை எடுப்பதைப் பார்த்திருக்கிறாள், மரத்தடியில் வைப்பதையும் பார்த்திருக்கிறாள். இரண்டு மாதம் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தோண்டி எடுத்து, கடைக்கே கொண்டுபோய் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள், அவராகச் சொல்லட்டும் என்று. அவர் சொல்லவில்லை.

“அண்ணே, எடுக்கிறவங்க வரணும்னு அவ சொல்றது பேய இல்ல. உங்களத்தான்.”

மருதப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஒலி முகம்மது அவர் தோளில் கை வைத்தார்.

“பாய் தொட விட மாட்டாருன்னு நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்க. எங்க ஆளுங்கள்ல மய்யித்த, அதான் இறந்தவங்க உடம்ப, குளிப்பாட்டுறது நன்மைன்னு போட்டி போட்டுக்கிட்டு வருவாங்க. கஃபார் பாய் எங்க பள்ளிவாசல்ல எத்தனை மய்யித்தக் குளிப்பாட்டியிருக்காருன்னு ஒரு நாள் கேட்டுப் பாருங்க. ஒன்பது வருஷமா அவர்கிட்டப் போய் இத மறைச்சிருக்கீங்களே.”

மருதப்பன் நிமிர்ந்து பார்த்தார். பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த மனிதரைப் பற்றி அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

வண்டியில் போகும்போது அமலா ஒரு கேள்வியை இரண்டு முறை விழுங்கி மூன்றாம் முறை கேட்டாள். கிளமெண்டி, ஏழு வருடத்துக்கு முன், அவள் அப்பாவின் நெற்றிக் காசு. மருதப்பன் நினைத்துப் பார்த்தார். பெயர் கேட்டு வைத்துக்கொள்வதில்லை என்றார். அவள் சரி என்று வெளியே பார்க்கத் திரும்பினாள்.

ஈசூனில் விளக்கு வைக்கிற நேரம். கம்பிக் கதவுக்கு வெளியே மருதப்பன் நின்றுவிட்டார். இன்று குளிக்கவில்லை. சாவு வீட்டிலிருந்து வந்த காலை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. தாழ்வாரத்தில் நின்றபடியே, தாழ்ந்த குரலில், எல்லாவற்றையும் கண்மணியிடம் சொன்னார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவர் முடித்ததும், “ஞாயித்துக்கிழமையானா வேற சோப்பு வாசனையோட வருவீங்க. நான் ஒன்பது வருஷமா வேற என்னத்தையோ நினைச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றாள்.

உள்ளே போனாள். ஒரு வாளித் தண்ணீரோடு வந்து கதவைத் திறந்து வைத்தாள். அவர் அங்கேயே தலையோடு ஊற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று ஒலி முகம்மது அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டை சொட்டச் சொட்ட மருதப்பன் அறைக்குள் போனார். இனியா நேராகப் படுத்திருந்தாள். நெற்றியில் கடற்குதிரைக் காசு. அவர் முழந்தாளிட்டார். இடது கையால் தலையைத் தாங்கி, இரண்டு விரலால் காசை எடுத்தார்.

இனியா கண்ணைத் திறந்தாள்.

“இவ்வளவு நாளா வரவே இல்லியே.”

“பயமா இல்லியா பாப்பா?”

“நீங்கதானே எடுப்பீங்க,” என்றாள். அவரது ஈரக் கையைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்மணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அமலா கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

கீழே வண்டிக்குள் ஒலி முகம்மது இயந்திரத்தை முடுக்காமல் காத்திருந்தார். அவள் குறிப்பேட்டைத் திறந்தாள்.

நாளை, திங்கள். மருந்தகத்தில் அரை நாள் விடுப்பு. எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். பத்து மணிக்கு மருதப்பன் அண்ணனைக் கஃபார் பாய் கடைக்கு அழைத்துப் போக வேண்டும். பேச வேண்டியது அவர். நான் வாசலில் நிற்க வேண்டும். அவர் பேசி முடித்த பிறகு, பிஸ்கட் டப்பா காணாமல் போன வாரம் பின்னறைச் சாவி வேறு யாரிடமெல்லாம் இருந்தது என்று பாயிடம் கேட்க வேண்டும்.